பாராசிட்டமாலுக்கு அடங்காத காய்ச்சல்

“இது தாய்ப்பால் நிக்கக் கொடுக்கிற மாத்திரை சார். வீட்டம்மாவுக்கா?” என்று கேட்டார் மருந்துக் கடைக்காரர்.

“இல்லைங்க, பையனுக்கு. ஆறு வயசு.”

சீட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். “எதுக்குன்னு சொன்னாங்க?”

“காய்ச்சலுக்கு.”

அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சீட்டிலிருந்த பெயர் புரோமோகிரிப்டின். அதற்குக் கீழே புரோப்ரனலால், பிரஷர்காரர்களுக்குக் கொடுப்பது. காபாபென்டின், நரம்பு வலிக்கு. பேக்லோஃபென், தசை இறுக்கத்துக்கு. காய்ச்சல் மருந்து என்று நமக்குத் தெரிந்த ஒன்றுகூட அந்தச் சீட்டில் இல்லை. ஆனால் 104-ல் கொதித்துக்கொண்டிருந்த என் மகனின் உடம்பை இறக்கியவை இவைதான்.

2022 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனை பைக் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு கறி வாங்கப் போனேன். பெயின்ட் அடிக்காத வேகத்தடை, குறுக்கே ஒரு நாய். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவனுக்குத் தலையில் அடி. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது சட்டம். நான் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எனக்குத் தெரியாத சட்டம் இல்லை. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

108 வந்தது. பக்கத்து ஊரில் ஸ்கேன், அங்கிருந்து சென்னை. முதல் 48 மணி நேரச் செலவை அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் பார்த்துக்கொண்டது. பெரிய ரத்தக் கட்டு இல்லை, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். சந்தோஷப்பட்டோம். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது, தலை குலுங்கிய வேகத்தில் மூளைக்குள் ஓடும் நரம்பு இழைகள் பல இடங்களில் அறுந்திருக்கின்றன என்று. ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தான். பத்தாம் நாள் தூக்க மருந்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள். காய்ச்சல் தொடங்கியது அன்று மாலைதான்.

முதலில் யாரும் பதறவில்லை. ஐ.சி.யு.வில் கிடக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் தேடுவது கிருமியைத்தான், அதுதான் சரியும்கூட. மூச்சுக் குழாய், சிறுநீர்க் குழாய், கழுத்து நரம்பில் ஊசி என்று கிருமி நுழைய அத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன. ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் போயின. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை காத்திருக்க முடியாது என்று ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள், மூன்று நாளில் அதைவிட வீரியமானதற்கு மாற்றினார்கள். பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏறியது. காய்ச்சலோ தன் பாட்டுக்கு வந்தது, தன் பாட்டுக்குப் போனது.

வந்த விதம்தான் விசித்திரம். நான் பார்த்த ஒருமுறையைச் சொல்கிறேன். பார்வையாளர் நேரம், மாலை ஐந்தே கால். பையன் அமைதியாகத்தான் கிடந்தான். சிஸ்டர் சளி உறிஞ்சுவதற்காகக் குழாயை உள்ளே விட்டு எடுத்தார். இரண்டு நிமிடம் இருக்கும், மானிட்டரில் 110 இருந்த இதயத் துடிப்பு 140 ஆனது, பிறகு 178. மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டு கைகளும் விறைத்து நீண்டு, மணிக்கட்டு உள்பக்கமாகத் திருகிக்கொண்டது. பற்களை நறநறவென்று கடித்தான். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை முத்து முத்தாக வந்து, தலையணை உறை தண்ணீரில் முக்கிய கைக்குட்டை போல ஈரமானது. தெர்மாமீட்டர் 104.2 காட்டியது. நாற்பது நிமிடம் கழித்து எல்லாம் தானாக வடிந்தது. வலிப்பு என்றுதான் நினைத்தேன். அப்படி வரும் நேரத்திலேயே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், வலிப்பு இல்லை.

கல்ச்சர் எல்லாம் சுத்தமாக வந்தபோது பதினாலாம் நாள். குழந்தைகள் நரம்பியல் டாக்டர், ஒரு மேடம், எங்களைக் கூப்பிட்டார். குழந்தைகள் வார்டில் பெற்றோருக்குப் பெயர் கிடையாது, அப்பா, அம்மா அவ்வளவுதான். “அப்பா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?” என்றார். சொன்னேன். “அப்போ உங்களுக்கு ஈசியாப் புரியும். உடம்புல ஆக்சிலரேட்டர் ஒண்ணு, பிரேக் ஒண்ணு. பயந்தா நெஞ்சு அடிக்குதே, வேர்க்குதே, அது ஆக்சிலரேட்டர். மூளை மேலிருந்து அதைப் பிரேக் போட்டு வெச்சிருக்கும். அடிபட்டதுல பிரேக் ஒயர் அறுந்துபோச்சு. லேசாத் தொட்டாக்கூட வண்டி முழு வேகத்துல ஓடுது. அந்தச் சூடுதான் இது.”

இதற்கு ‘பராக்ஸிஸ்மல் சிம்பதெடிக் ஹைபர்ஆக்டிவிடி’ என்று நீளமான பெயர். வார்டில் எல்லோரும் சொல்வது ‘ஸ்டார்மிங்’. சிஸ்டர்கள் “பையன் ஸ்டார்ம் ஆகுறான்” என்பார்கள், புயல் சின்னம் மாதிரி. 1929-லேயே வில்டர் பென்ஃபீல்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் இதை ஒருவகை வலிப்பு என்றே நினைத்தார். ஆளுக்கொரு பெயரில் அழைத்துக்கொண்டிருந்ததை 2014-ல்தான் ஒரே பெயருக்குக் கொண்டு வந்தார்கள். அதோடு ஒரு மதிப்பெண் முறையும் வந்தது. இதயத் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், காய்ச்சல், வேர்வை, கை கால் விறைப்பு ஆகிய ஆறுக்கும் தலா 0 முதல் 3 வரை. குழந்தைகளுக்கு இதயத் துடிப்பையும் மூச்சையும் வயதுக்கு ஏற்ற அளவில் பார்க்க வேண்டும். இன்னும் சில கேள்விகளுக்கான பதிலையும் சேர்த்துக் கூட்டினால், இது அதுதானா என்று ஓரளவு சொல்லலாம். என் மகனுக்குப் போட்ட தாளைப் பார்த்தேன். ஆறு வரியில் நான்கில் 3.

சரி, பாராசிட்டமால் ஏன் கேட்கவில்லை? கிருமி வந்தால் உடம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்து, மூளையில் இருக்கும் சூட்டு அளவை மேலே ஏற்றி வைக்கிறது. பாராசிட்டமால் அந்த ரசாயனத்தைக் குறைக்கிறது, அளவு பழைய இடத்துக்கு வருகிறது. இங்கே யாரும் அளவை ஏற்றி வைக்கவில்லை. கட்டுப்பாடே போய்விட்டது. தசை விறைத்து விறைத்து உண்டாகும் சூடு ஒரு பக்கம், சூட்டைக் காக்கும் மூளைப் பகுதியே பாதிக்கப்பட்டது மறுபக்கம். அந்த மருந்து போய்த் திருகுவதற்குத் திருகாணியே இல்லை. ஆனாலும் அதை உடனே நிறுத்திவிடவில்லை, ஏனென்றால் அடிபட்ட மூளைக்குக் காய்ச்சலே இன்னொரு அடி. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது, கல்லீரலுக்கு ஆகாது என்பதில் மட்டும் மேடம் கறாராக இருந்தார்.

இந்த இடத்தில் நம் மொழி எங்களுக்குச் செய்த சதியைச் சொல்லியாக வேண்டும். “மூளையால வர்ற காய்ச்சல்” என்று என் மனைவி போனில் அவள் அக்காவிடம் சொன்னாள். அது ஊருக்குள் ‘மூளைக்காய்ச்சல்’ ஆகிப் போய்ச் சேர்ந்தது. மூளைக்காய்ச்சல் கிருமியால் வருவது, வேறு நோய். டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது எதிர்வீட்டுப் பிள்ளைகளை எங்கள் திண்ணைப் பக்கமே விடவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வீடு வீடாகப் போய், “ஒட்டுற நோய் இல்லைங்க, அடிபட்டதுல வந்தது” என்று விளக்குவதற்கே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

மருந்துகளுக்கு வருகிறேன். டோஸ் எதையும் எழுதப் போவதில்லை. எல்லாம் எடைக் கணக்கு, அதுவும் இந்தப் பிள்ளைகளுக்கு எடை மாதத்துக்கு மாதம் மாறும். விபத்தன்று 20 கிலோ இருந்தவன் டிஸ்சார்ஜ் அன்று பதினைந்தரை. புயல் அடித்து அடித்துச் சாப்பிட்டதையெல்லாம் எரித்துவிட்டது. மூக்கு டியூப் வழியே போகும் பால், கஞ்சியின் அளவை டயட்டீஷியன் இரண்டு முறை கூட்டிக் கொடுத்தார்.

ஐ.சி.யு.வில் புயல் வந்த நேரத்தில் உடனே அடக்கியது நரம்பில் கொடுத்த சிறு அளவு மார்ஃபின். அதை வீட்டுக்குக் கொண்டு வர முடியாது. வராமல் தடுக்கத்தான் மற்றவை.

முதலில் தொடங்கியது புரோப்ரனலால். இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் வகையில் பல மருந்துகள் உண்டு. இது கொழுப்பில் கரைவதால் மூளைக்குள்ளும் எளிதாகப் போகுமாம், அதனால் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரஷர் மாத்திரையைக் குழந்தைக்கா என்று என் மாமியார் பயந்தார். கைக்குழந்தைகளுக்கு வரும் சிவப்பு ரத்தக் கட்டிக்கே இதைக் கொடுக்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் அடங்கினார். இரண்டே நாளில் 178 தொட்டுக்கொண்டிருந்த துடிப்பு 140-க்கு மேல் போகவில்லை. வேர்வை குறைந்தது. 104 வரை போன காய்ச்சல் 102-ல் நின்றது. அடுத்தது காபாபென்டின். உடம்பைத் தொடுவது, திருப்புவது, துடைப்பது எல்லாவற்றையும் வலியாக எடுத்துக்கொள்ளும் நரம்புகளைச் சாந்தப்படுத்த. இதற்குப் பொறுமை வேண்டும், எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. விறைப்புக்கு பேக்லோஃபென். குளோனிடின் என்று ஒன்றை இரவில் கொடுத்துப் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் கீழே போனது, நிறுத்திவிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் புயல் இல்லாத நேரத்தில்கூட உடம்பு 101-ல் கொதித்தது. மறுபடி கல்ச்சர், மறுபடி சுத்தம். அப்போதுதான் புரோமோகிரிப்டின். சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்தில் டோபமைன் என்ற ரசாயனத்துக்கும் வேலை உண்டு. இந்த மாத்திரை டோபமைன் போலவே நடிக்கும். பால் சுரப்பது நிற்பதும் அதே நடிப்பால்தான். சிறு துண்டில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினார்கள். முதல் மூன்று நாள் வாந்தி. ஐந்தாம் நாள் காலை 99.4. அந்த எண்ணை என் மனைவி சிஸ்டரிடம் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மேடம் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார். பிள்ளைகளுக்கு இந்த மருந்துகளை வைத்துப் பெரிய அளவில் ஆராய்ச்சி நடக்கவில்லை, பெரியவர்களிடம் கண்டதும் ஒவ்வொரு பிள்ளையிடம் கண்டதும்தான் வழிகாட்டி, உங்கள் பையனுக்கு எது கேட்கும் என்பதைக் கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அதைக் கேட்டுப் பயம் வரவில்லை. எல்லாம் தெரியும் என்று சொல்லியிருந்தால்தான் பயந்திருப்பேன்.

58-ஆம் நாள் வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து என் வேலை ஒரு நோட்டு. டெப்போவில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, ஏன் தாமதம் என்று எழுதி எழுதிப் பழகிய கை. அதே மாதிரி கோடு போட்டேன்: நேரம், காய்ச்சல், துடிப்பு, வேர்வை, விறைப்பு, எத்தனை நிமிடம். கடைசிக் கட்டம்தான் முக்கியம், ‘அதற்கு முன் என்ன நடந்தது’. துடிப்பு பார்க்க, கொரோனா காலத்தில் வாங்கிப் போட்ட விரல் ஆக்ஸிமீட்டர் பயன்பட்டது. தெர்மாமீட்டரை எப்போதும் ஒரே அக்குளில்தான் வைத்தோம். ஒருநாள் வாயில், ஒருநாள் அக்குளில் என்று மாற்றினால் ஒரு டிகிரி வித்தியாசத்தை நாமே உண்டாக்கிவிட்டு நாமே பதறுவோம்.

இரண்டாவது வாரத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது. செவ்வாய், புதன் ஒரு புயல்கூட இல்லை. வியாழன் இரண்டு, வெள்ளி ஐந்து. சனிக்கிழமை மலம் போனது, அன்று மாலையிலிருந்து அமைதி. அடுத்த வாரமும் அதே கதை. மூன்று நாள் மலம் கட்டினால் காய்ச்சல்! அவனால் வயிறு வலிக்கிறது என்று சொல்ல முடியாது, அவன் உடம்பு 103-ல் சொல்கிறது. டாக்டர் மலமிளக்கி சிரப்பைத் தினப்படி ஆக்கினார். காய்ச்சல் பாதியாகக் குறைந்தது. புது மருந்து என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

இன்னொரு முறை, மருந்தெல்லாம் சரியாகப் போகிறது, மலமும் போகிறது, ஆனாலும் தினமும் காலை பத்து மணிக்கு மேல் ஒரு புயல். நோட்டில் ‘அதற்கு முன்’ கட்டத்தைப் பார்த்தால் வரிசையாக ஸ்ப்ளிண்ட், ஸ்ப்ளிண்ட், ஸ்ப்ளிண்ட். பாதம் கோணாமலிருக்கக் கட்டும் பிளாஸ்டிக் அச்சு. கழற்றிப் பார்த்தேன். வலது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செக்கச் செவேலென்று ஒரு தடம், தொட்டால் சூடு. உள்ளே ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டிக் கொடுத்தார் பிசியோதெரபிஸ்ட். மூன்றே நாளில் பத்து மணிப் புயல் நின்றது. இப்படிப்பட்ட பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: மருந்தைக் கூட்டச் சொல்லிப் போன் செய்வதற்கு முன்னால் உச்சி முதல் கால் நகம் வரை ஒருமுறை பாருங்கள். நகம் சதைக்குள் வளர்ந்திருக்கலாம், காதில் சீழ் இருக்கலாம், சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கலாம், முதுகுக்குக் கீழே டியூப் மூடி கிடக்கலாம். கடைசியாகச் சொன்னது எங்கள் வீட்டில் நடந்தது.

ஐஸ் துணி வைத்து ஒற்றுவதை விட்டுவிட்டோம். சாதாரணக் காய்ச்சலுக்கே ஐஸ் தண்ணீர் நடுக்கத்தைக் கிளப்பி உள்சூட்டைக் கூட்டும். இவனுக்கு ஜில்லென்று பட்டாலே அடுத்த புயல் கிளம்பியது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பருத்தித் துணி, மெல்லிய சட்டை, ஃபேன், அறையில் டி.வி. இல்லை, அவ்வளவுதான். கொட்டுகிற வேர்வைக்கு ஈடாகத் தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டோம். கத்திரி வெயிலில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று நினைத்து, கடன் வாங்கி ஒரு இன்வெர்ட்டர் போட்டேன். அது மருந்துச் செலவில்தான் சேர்த்தி.

இனி நான் செய்த தப்புகள்.

ஒருநாள் வழக்கமான கடையில் புரோப்ரனலால் இல்லை. வேறு கடையில் வாங்கினேன், பெயர் அதேதான். இரவு மாத்திரையை நசுக்கப் போன மனைவி, “ஏங்க, அட்டையில பக்கத்துல என்னமோ எல்.ஏ.ன்னு போட்டிருக்கே?” என்றாள். மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் வகை அது. நசுக்கினால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போகும், துடிப்பு படுத்துவிடும். டியூப் வழியே கொடுப்பவர்கள் எல்.ஏ., எஸ்.ஆர்., டி.ஆர். என்று எந்த எழுத்தைப் பார்த்தாலும் நசுக்காமல் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அன்றிலிருந்து பழைய காலி அட்டையைக் கையில் கொண்டுபோய்க் காட்டித்தான் வாங்குகிறேன். இதே மருந்துக்கு இன்னும் இரண்டு விதிகள் உண்டு. கொடுக்கும் முன் துடிப்பைப் பார்த்து, டாக்டர் சொன்ன எண்ணுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. வாந்தி எடுத்து ஆகாரம் தங்காத நாளிலும் கேட்காமல் கொடுக்கக் கூடாது, சிறு பிள்ளைகளுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். வீசிங் உள்ள பிள்ளையாக இருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது தப்பு பெரியது. 2023 பொங்கல். பேக்லோஃபென் தீர்ந்துபோனதைப் போகி அன்று இரவுதான் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன் வீட்டு மாத்திரையை எண்ணவில்லை. திறந்திருந்த இரண்டு கடையிலும் ஸ்டாக் இல்லை. விறைப்புக்குக் கொடுப்பதுதானே, காய்ச்சலுக்கு மற்றவை போய்க்கொண்டுதானே இருக்கின்றன, இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மாட்டுப் பொங்கல் அன்று காலை உடம்பெல்லாம் மரக்கட்டை. கண் எங்கெங்கோ ஓடுகிறது, எதையோ கண்டு பயந்தது போல அலறுகிறான். 105. அத்தனை மாதத்தில் நோட்டில் ஏறாத எண்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் கிருமிக் காய்ச்சலுக்கான எல்லாவற்றையும் தொடங்கினார். அவர் கையில் என் நோட்டைக் கொடுத்தேன். கடைசி இரண்டு பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ‘பேக்லோஃபென் இல்லை’ என்று நான் எழுதியிருந்த வரியில் நின்றார். “எப்பலேர்ந்து?” என்றார். “முந்தாநேத்து ராத்திரிலேர்ந்து சார்.” உடனே மூத்த டாக்டருக்குப் போன் போனது. பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே கடும் காய்ச்சலையும் விறைப்பையும் வலிப்பையும்கூடக் கொண்டு வருமாம். மருந்தின் பழைய அளவை டியூப் வழியே கொடுத்தார்கள், விறைப்பு அடங்க நரம்பில் ஒரு ஊசி. மறுநாள் மதியம் 100. காய்ச்சலை அடக்கக் கொடுத்த மருந்து, நிறுத்தியதற்காகக் காய்ச்சலாகவே வந்து நின்றது. அப்புறம் ஒன்று கற்றேன்: ஒவ்வொரு மாத்திரையும் பத்து நாளுக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்தது வாங்கி வைத்துவிட வேண்டும். அலமாரிக் கதவில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்த வார்டில் பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண் குழந்தை. வலிப்புக்காக டோபிராமேட் சாப்பிடுகிறவள். அவளுக்கும் கிருமி இல்லாத காய்ச்சல்தான், ஆனால் தோல் காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. அந்த மருந்து சில பிள்ளைகளுக்கு வேர்வையைக் குறைத்துவிடும். வெயிலில் விளையாடினால் சூடு வெளியேற வழியில்லாமல் காய்ச்சலாகும். என் மகன் நனைந்து கிடக்கிறான், அவள் வறண்டு கிடக்கிறாள், இரண்டுக்கும் தெர்மாமீட்டர் காட்டுவது 103. அவளுக்கு மருந்தை மாற்றும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. தோலைத் தொட்டுப் பார்த்து ‘ஈரம்’, ‘வறட்சி’ என்று நோட்டில் எழுதத் தொடங்கியது அவளைப் பார்த்த பிறகுதான்.

மூன்றாவது தப்பு நேர் எதிர்த் திசையில். ஏப்ரலில் பையனுக்கு 102 வந்தது. நாங்கள்தான் இப்போது அனுபவஸ்தர்கள் ஆயிற்றே, “மூளைச் சூடுதான், தானா வடியும்” என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள். மாமியார்தான், “மாப்பிள்ளை, மூத்திரம் நாறுது, கவனிச்சீங்களா?” என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தால் வெட்கமாகிவிட்டது. துடிப்பு காய்ச்சலுக்கு ஏற்ற அளவில்தான் கூடியிருக்கிறது, திடீரென்று எகிறவில்லை. வேர்வைக் கட்டம் காலி. விறைப்புக் கட்டம் காலி. காய்ச்சல் நாற்பது நிமிடத்தில் வடியாமல் நாள் முழுக்க இருந்திருக்கிறது. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது, படிக்கத்தான் இல்லை. சிறுநீர்த் தொற்று, ஏழு நாள் ஆன்டிபயாடிக். மேடம் திட்டினார், நியாயம்தான். “இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு காய்ச்சலும் முதல்ல கிருமி. அது இல்லைன்னு நாங்க சொன்ன பிறகுதான் மூளை. அதை நீங்க வீட்டுல முடிவு பண்ணாதீங்க அப்பா.”

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெரிய வித்தியாசம் செய்தது. ஒரு அட்டையில் அவன் சாப்பிடும் மருந்துகளின் பெயர், எடை, ‘திடீரென்று நிறுத்தக் கூடாது’ என்ற வரி, ‘இவை வேண்டாம்’ என்று ஒரு பட்டியல் எல்லாவற்றையும் மேடம் கையாலேயே எழுதி வாங்கி லேமினேட் செய்து வைத்தோம். வாந்திக்குச் சகஜமாகப் போடும் மெட்டோகுளோப்ரமைடு அந்தப் பட்டியலில் முதல். டோபமைனைத் தடுக்கும் மருந்து அது. புரோமோகிரிப்டின் ஒரு பக்கம் இழுக்க அது மறுபக்கம் இழுக்கும். ஊரில் வாந்திக்காக ஒரு கிளினிக்குக்குப் போனபோது அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சிரிஞ்சை மேஜையில் வைத்துவிட்டு வேறு மருந்து எழுதினார். பாராசிட்டமால் சிரப்பிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கடையில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது, 250 உள்ளதும் கிடைக்கிறது. பாட்டில் ஒரே மாதிரி இருக்கும். ‘ஒரு மூடி கொடுத்தேன்’ என்ற கணக்கு ஆகாது.

ஆறாம் மாதத்திலிருந்து புயல் தானாகவே குறைந்தது. பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கிவிடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மருந்துகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்கினார்கள். ஒன்றை முழுதாக நிறுத்தி இரண்டு வாரம் நோட்டைப் பார்த்து, அப்புறம் அடுத்தது. முதலில் போனது புரோமோகிரிப்டின். மருந்துக் கடைக்காரர், “என்ன சார், அந்த மாத்திரை இப்போ வேணாமா?” என்று கேட்டார். இரண்டு நாள் முன்னால்தான் எனக்காகவே ஸ்டாக் போட்டிருந்தாராம். கடைசியாக நின்றது புரோப்ரனலால், விபத்து நடந்து பதினோராம் மாதம். பேக்லோஃபென் மட்டும் இன்றைக்கும் உண்டு, விறைப்புக்காக.

இப்போது ஒரு கையைப் பிடித்துக்கொண்டால் நடக்கிறான். இருபது இருபத்தைந்து சொற்கள் பேசுகிறான், அதில் ‘பஸ்’ உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலமாக வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டைக் கண்டால் போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறான்.

போன மாதம் பள்ளியிலிருந்து சளியோடு வந்தான். இரவு 101.6. துடிப்பு பார்த்தேன், தோலைத் தொட்டேன், கையை மடக்கி நீட்டினேன். தொண்டை சிவந்திருந்தது. எடைக்கேற்ற பாராசிட்டமாலை அளந்து கொடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பது நிமிடம் கழித்து 99.2. மனைவியை எழுப்பினேன். “என்னங்க ஆச்சு?” என்று பதறி எழுந்தாள்.

“ஒண்ணும் இல்ல. பாராசிட்டமால் கேட்டுடுச்சு,” என்றேன்.